பெரியப்பாவின் வலை

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருந்த என் தந்தையின் எதிரே நான் உட்கார்ந்து பேசியதே இல்லை. அப்படி அடங்கி வளர்ந்த நான்தான் 1996-இல், 17 வயதில், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இராமேசுவரம் போய், கூடுதல் பங்கு கிடைக்கும் என்று விசைப்படகில் ஏறினேன்.

கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், இறாலுக்காக ஒருநாள் இரவு எங்கள் படகு உள்ளே வந்தது. மடியை, அதாவது எங்கள் இழுவலையை, ஏற்றியபோது, அறுந்த நாட்டுப்படகு வலை ஒன்றும் சேர்ந்து வந்தது. மிதவையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் அது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் வலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விஷயம் தெரிந்தும் தந்தை என்னை அடிக்கவில்லை. தம்மிடமிருந்த புது வலையைத் தோளில் சுமந்துபோய் அந்த வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு வந்தார். சொல்லாமல் போனதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

இன்று நானும் ஒரு விசைப்படகில் பங்குதாரன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், கரையேற்றிய படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, தடை முடிந்ததும் கடலுக்கு வரும்படி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகனிடம் சொன்னேன். வேலையாட்கள் அனைவரும் கேட்க அவன் சொன்னான்: "சங்காயத்தை அள்ளிக் கோழித் தீவனத்துக்குக் கொடுக்கிற வேலைக்கு நான் வரமாட்டேன்ப்பா. 61 நாள் கடலை மூடிவெச்சுட்டு, திறந்ததும் குஞ்சோட அரிச்செடுத்தா எதுக்கு மூடணும்?"

சங்காயம் என்பது வலையில் சேர்ந்து வரும் குஞ்சு மீனும் கழிவு மீனும். என் கை ஓங்கிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று எங்கள் கரையில் பலரும் வருந்துகிறார்கள். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தந்தையின் முன் வாய் திறக்காமல் நின்று, அவர் முதுகுக்குப் பின்னால் படகேறிய என் பணிவைவிட, முகத்தைப் பார்த்து மறுத்த அவன் நேர்மை மேலானது என்றே இப்போது நம்புகிறேன்.

பனைநிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த என் தந்தை தலை நிமிராமலே, "அவன் கேட்டது சரிதான்" என்றார். பிறகு பேரனை அருகே அழைத்து, "ஆனா அப்பனை ஆளுங்க முன்னாடி நிறுத்தி வெச்சுக் கேக்கக்கூடாதுய்யா. வீட்டுல வெச்சுக் கேளு" என்றார். அறுந்துபோன அந்த வலைக்குப் பிறகு என் தொழிலைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான்.

அன்றிரவு மகன் என் எதிரே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டான். படகுக் கடன், டீசல் செலவு, ஆட்களின் பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அவன் படகில் ஏறவில்லை. நானும் மறுபடி அழைக்கவில்லை.