வைக்கோல் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாங்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பண்ணை வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் ஒன்று நிற்கிறது. இரண்டு கதவு வண்டி, ஆர்.சி.யில் 1966 என்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வீட்டுத் தாத்தா அதில் ஆற்றங்கரையோடு போவார். எங்கள் குறுகலான தெருமுனையில் ஒரே வளைப்பில் திருப்பிவிடுவார். அம்பாசடர் அங்கே இரண்டு முறை பின்னால் வரவேண்டும்.

தாத்தா போய் 11 வருடம் ஆகிறது. 2018 கஜா புயலில் கொட்டகைக் கூரை போய், கூரையின் மரச்சட்டம் ஒன்று விழுந்து பானெட்டில் குழி. அப்புறம் தகரம் போட்டு, சுற்றிலும் வைக்கோலை அடுக்கிவிட்டார்கள். மகன் எனக்கு மாமா முறை. ஒன்றே முக்கால் லட்சம் சொல்கிறார். பேட்டரி மாற்றினால் ஓடும் என்கிறார். ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரே இந்த ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி 1962-ல் செய்ததுதான் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சம்பா அறுவடைப் பணம் வந்ததும் கொடுத்துவிடலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழைய பத்மினி:
தம்பி, பழைய வண்டி மேல் ஆசை என்றால் பத்மினி வாங்குங்கள். திருச்சியில் கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்துவிடும். ஹெரால்டுக்கு ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

குடந்தை லேத்:
அலைச்சல் உண்மைதான். ஆனால் தம்பிக்கு ஆசை அந்த வண்டி மேல், வேறொன்று மேல் இல்லை. என்னிடம் 1967 ஹெரால்டு இருக்கிறது, ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து ஊருக்குள் ஒரு சுற்று போய்விடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்கு விடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே கட்டிப்போகும், கீழே தண்ணீர் தேங்கி இரும்பைத் தின்னும். நான் வேலைக்கு விட்ட ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை. பாபநாசம் தாண்டி ஒரு திருப்பத்தில் மெதுவாகத்தான் போனேன். டக்கென்று ஒரு சத்தம், இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் சாய்ந்துவிட்டது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உடைந்த தண்டை வீட்டில் வைத்து லைட் அடித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கருவேலம்பட்டை நிறத்தில் பழைய துரு. ஓரத்தில் நகக்கண் அளவு இடம்தான் புதிதாகப் பளபளத்தது. அத்தனை நாளும் அந்த நகக்கண்தான் எங்களைத் தாங்கியிருக்கிறது.

சுவாமிமலை பக்கத்தில் இருக்க வெண்கலத்துக்கு என்ன குறை என்று முதலில் நானே கடைந்துவிட நினைத்தேன். சிலைக்கு வார்க்கும் உலோகம் வேறு, தேய்மானம் தாங்கும் கன்மெட்டல் வேறு. இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர். இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். அதையே வரவழைத்தேன், தண்டையும் சேர்த்துத்தான். லேத் வைத்திருப்பவன் சொல்கிறேன், இதில் சிக்கனம் வேண்டாம்.

மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் ஆகிவிடும். பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும், அதனால் பார்ப்பது சுலபம். ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லி எஞ்சினின் முன் புல்லியைப் பாருங்கள். மயிரிழைக்கு மேல் முன்னால் நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். சேஸியிலிருந்து பக்கவாட்டில் கிளை மாதிரி நீளும் இரும்புகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நம் மண்ணில் ஈரம் கீழிருந்து ஏறும். கதவுக்கு அடியில் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள், ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி. ஒயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது, புதிது என்றே கணக்குப் போடுங்கள். எஞ்சினுக்கு, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள்.

படிவம் 31:
ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் வாரிசுச் சான்றிதழ் வைத்து படிவம் 31-ல் மாமா பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 29, 30. சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று துடைத்துப் பாருங்கள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு விதி வந்தது, பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. வாராவாரம் மன்னார்குடி போக ஆசை என்றால் சாதாரணப் பதிவுப் புதுப்பித்தல், எஃப்.சி. (தகுதிச் சான்று) வழியில்தான் போக வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க வைக்கோலை இறக்கினோம். எண்கள் ஒத்துப்போகின்றன. கிளட்ச் மிதித்தபோது புல்லி அசையவில்லை. வலது பக்கம் இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. காந்தம் டிரைவர் கதவுக்கு அடியில் ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை. டிரன்னியனைத் துடைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கட்டிப்போன கிரீஸ். லேத் அண்ணன் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுவிட்டு, அப்பா இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாரா என்றார். ஒன்றே கால் லட்சத்துக்கு இறங்கி வந்தார். பெயர் மாற்றம் அவர் செலவு. தை மாதம் லாரியில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டுவருகிறேன் அண்ணே, சக்கரம் தரையில் படாமல்.

குடந்தை லேத்:
கொண்டு வாங்க தம்பி. தண்டும் டிரன்னியனும் இரண்டு செட் இப்போதே சொல்லிவைக்கிறேன், வந்துசேர நாளாகும்.