நாகர்கோவில் தள்ளுபடிக் கடைகள்: மாதச் சம்பளமா, மணிக்கூலியா?

தேரூர்க்காரி:
செட்டிகுளம் பக்கம் ஒரு தள்ளுபடிக் கடையின் கண்ணாடிக் கதவில் 'வேலைக்குப் பெண்கள் தேவை, சம்பளம் 11,000, மதியச் சாப்பாடு உண்டு' என்று ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை மணி நேர வேலை என்பது மட்டும் அதில் இல்லை. இப்படிப்பட்ட கடை ஒன்றில் நைட்டிப் பிரிவில் நின்றவள் என்பதால் நானே சொல்கிறேன்: காலை 9.30க்கு நுழைந்தால் இரவு 8.30. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் பத்து மணி நேரம். மாதம் 26 நாள். 11,000 ரூபாயை 260 மணி நேரத்துக்குப் பிரித்துப் பாருங்கள், மணிக்கு 42 ரூபாய் சொச்சம் வரும்.

இதில் வராத நேரமும் இருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட துணியை மடித்து அளவு வாரியாக அடுக்க வேண்டும். பிறகு வாசலில் பையைத் திறந்து காட்ட வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை நகர்வதற்குள் பஸ் போய்விடும். மணிக்கு இவ்வளவு என்று பேசி ஆள் எடுத்தால் என்ன? நின்ற நேரத்துக்கெல்லாம் காசு வரும்.

கோட்டாறு வியாபாரி:
தங்கச்சி, வகுத்தல் சரி. வியாபாரம் வகுத்தலில் நடப்பதில்லை. 99 ரூபாய் பிளாஸ்டிக் கூடையில் எனக்குப் பத்து ரூபாய் நின்றால் அது நல்ல நாள். கடை வாடகை, மின்கட்டணம், லாரி வாடகை எதுவும் தள்ளுபடியில் வருவதில்லை. பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஈ ஓட்டுகிறோம். அந்த நேரத்துக்கும் நான்தான் சம்பளம் கொடுக்கிறேன். ஜூன் மாதச் சாரலில் நாள் முழுக்க ஆள் வராது, அன்றைக்கும் சம்பளம் உண்டு. மணிக்கூலி என்று வந்துவிட்டால் 'இப்போது வீட்டுக்குப் போ, ஐந்து மணிக்கு வா' என்பேன். சம்மதமா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் என்றால் ஜூனில் முன்பணம் கேட்டு யாரிடம் வருகிறார்கள்? மணிக்கூலிக்கு வருபவருக்கு முன்பணம் யார் தருவார்?

பேரேடு:
நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். அண்ணாச்சி சொல்லும் 'ஈ ஓட்டும்' நேரமும் வேலை நேரம்தான். கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்றால் அது வேலை. வாங்க ஆள் வரவில்லை என்பது முதலாளியின் நட்டம், அதைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது.

தேரூர்க்காரி அக்கா கேட்பது புதிதும் அல்ல. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. மிகை நேரத்தையும் சேர்த்தால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. அதற்கு மேல் கூடவே கூடாது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. இப்போது அக்காவின் கணக்கைப் பாருங்கள். 26 நாளுக்கு எட்டு மணி வீதம் 208 மணி நேரம். 11,000 ரூபாய் என்பது அந்த 208 மணி நேரத்துக்கு மட்டும், மணிக்கு ஏறத்தாழ 53 ரூபாய். மீதமுள்ள 52 மணி நேரம் இரட்டைக் கூலியில் 5,500 ரூபாய். ஆக 16,500 வர வேண்டும். அதைக் கொடுத்தாலும் வாரம் 60 மணி நேரம் என்பது சட்டத்தை மீறியதுதான், அது வேறு விஷயம்.

கோட்டாறு வியாபாரி:
16,500 கொடுத்தால் நான் சாவியை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

களியக்காவிளை:
போக மாட்டீர்கள் அண்ணாச்சி. கேரளப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதே சரக்கைத்தான் விற்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் காலையில் இங்கே பஸ் ஏறி எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் கூடுதலாக இல்லாமலா போகிறார்கள்?

கோட்டாறு வியாபாரி:
அங்கே வாங்குகிறவர் கையில் வளைகுடாப் பணம்.

களியக்காவிளை:
குமரி மாவட்டத்தில் வளைகுடாப் பணம் இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

மட்டிப்பழம்:
நான் தேரூர்க்காரி அக்காவை எதிர்த்துப் பேசப் போகிறேன், ஆனால் வியாபாரி அண்ணாச்சிக்கு ஆதரவாக அல்ல. என் சித்தி மகள் அமெரிக்காவில், டெக்சாஸில், ஒரு டாலர் கடையில் வேலை செய்கிறாள். டாலர் கடை என்றால் நம் ஊர் 'எதை எடுத்தாலும் 99' கடையின் பெரியண்ணன். அங்கே மணிக்கூலிதான். நின்ற மணிக்குக் காசு வருகிறது, உண்மை. ஆனால் எத்தனை மணி நேரம் நிற்பாள் என்பதைக் கடைதான் முடிவு செய்கிறது. ஒரு வாரம் 28 மணி நேரம், அடுத்த வாரம் 16. வீட்டு வாடகை மட்டும் மாறாது.

ஏன் 28? அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, ஐம்பது முழுநேர ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனம், வாரம் சராசரியாக 30 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குக் காப்பீடு அளிக்க முன்வர வேண்டும், இல்லையென்றால் அபராதம். முப்பதைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் செலவு இல்லை. சம்பளத்துடன் கூடிய விடுப்பைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே கிடையாது. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிட உயர்த்திக்கொண்டன, டெக்சாஸ் உயர்த்தவில்லை. சந்தையில் அதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள் என்றாலும் சட்டம் தரும் தரைமட்டம் அவ்வளவுதான்.

மணிக்கூலி கேட்டால் முதலாளி மணியைக் குறைப்பார். அண்ணாச்சி மேலே 'ஐந்து மணிக்கு வா' என்று சொன்னது வேடிக்கைக்கு அல்ல. மாதச் சம்பளமே இருக்கட்டும், அதைச் சட்டப்படி கொடுக்கச் சொல்வோம்.

தேரூர்க்காரி:
தம்பி, 'சட்டப்படி கொடுக்கச் சொல்வோம்' என்பதை யார் போய்ச் சொல்வது? 2021இல் தமிழ்நாட்டில் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமானது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி அதற்கு முன்பே வாங்கியிருந்தார்கள். எங்கள் பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. மறுவாரம் அதன் மேல் நைட்டிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயரைச் சொல்லி அழைப்பார்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தரையின் குளிர் ஏறாமல் இருக்க அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்வோம். அதற்கும் திட்டு, கடையின் அழகு கெட்டுவிடுகிறதாம்.

பேரேடு:
மட்டிப்பழம் தம்பி அமெரிக்காவைப் பாதிதான் சொன்னார். மீதியைச் சொல்கிறேன். ஃபேமிலி டாலர் என்ற நிறுவனத்தின் மீது அதன் கடை மேலாளர்கள் தொடர்ந்த வழக்கு ஒன்று உண்டு. அவர்களுக்கு மணிக்கூலி இல்லை, 'மேலாளர்' என்ற பெயரும் நிலையான சம்பளமும்தான். வாரம் 60, 70 மணி நேரம் நின்றார்கள். பெரும்பாலான நேரம் லாரிப் பெட்டி இறக்குவது, அலமாரியில் அடுக்குவது, பில் போடுவது, தரை துடைப்பது. இவர்கள் மேலாளர்களே அல்ல, மிகை நேரக் கூலி கொடு என்று தீர்ப்பாகி, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1,424 பேருக்கு மூன்றரைக் கோடி டாலருக்கு மேல். மணி எண்ணப்படாதவர்தான் அங்கேயும் அதிகம் ஏமாந்தார்.

நம் ஊரிலும் 'சூப்பர்வைசர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி, 500 ரூபாய் கூட்டிக் கொடுத்து, கடையைத் திறப்பதிலிருந்து பூட்டுவது வரை நிறுத்திவைக்கிறார்கள்.

மட்டிப்பழம்:
அந்த வழக்கில் ஜெயித்தது வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள், அண்ணன். செட்டிகுளத்தில் யார் வழக்குப் போடுவது?

கோட்டாறு வியாபாரி:
டெக்சாஸ் போதும், கோட்டாற்றுக்கு வாருங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கும் பி.எஃப். சேமநிதிக்கும் சம்பளத்தில் பிடிக்கட்டுமா என்று நான் கேட்டபோது என் கடைப் பெண்களே 'வேண்டாம் அண்ணாச்சி, கையில் கொடுங்கள்' என்றார்கள். நான் என்ன செய்ய? பெண்களுக்கு 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை. பஸ் செலவு மிச்சம்.

தேரூர்க்காரி:
பஸ் கட்டணத்தைக் கொடுப்பது அரசாங்கம். அதை உங்கள் சம்பளப் பட்டியலில் சேர்க்காதீர்கள் அண்ணாச்சி.

பேரேடு:
'அவர்களே வேண்டாம் என்றார்கள்' என்பதை நான் எல்லாக் கடையிலும் கேட்கிறேன். எப்படிக் கேட்டீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'மாதம் 1,400 ரூபாய் பிடிப்போம்' என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

பிரித்துச் சொல்லிப் பாருங்கள். 11,000 ரூபாய்க்கு இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 82 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 357 ரூபாய் 50 காசு. அந்த 82 ரூபாய்க்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம், நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பங்குத்தொகை போதிய நாட்களுக்குக் கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். பி.எஃப்.பில் தொழிலாளி 1,320 ரூபாய் போட்டால் முதலாளியும் 1,320 போட வேண்டும். அதைத்தான் 'பிடித்தம்' என்று பயமுறுத்துகிறோம். தகுதியுள்ள கடையில் இவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை இந்தச் சம்பளக்காரருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொழில் தர்மத்தை மீறியதாக இருந்தாலும் சரி. பி.எஃப்.புக்கு 20 பேர் என்பது எல்லை, அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள கடைக்குக் கட்டாயமில்லை. அதனால் தரைத்தளம் அப்பா பெயரில், மாடி மருமகன் பெயரில், இரண்டு பில் புத்தகம், இரண்டு பலகை. படிக்கட்டு ஒன்றுதான். தீபாவளிக்கு 8.33 சதவீத போனஸுக்குப் பதில் ஒரு சேலையும் இனிப்புப் பெட்டியும்.

கோட்டாறு வியாபாரி:
மாடி என் மருமகன் பெயரில்தான் இருக்கிறது. அவன் தனி வியாபாரம் செய்கிறான். நீங்கள் யார் கடைக்குக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது.

பேரேடு:
உங்கள் கடைக்கு அல்ல, அண்ணாச்சி. அந்த அளவுக்கு எல்லாக் கடையும் ஒன்றுபோல் இருக்கிறது.

குளச்சல் அலை:
இரண்டு தரப்பும் கொடுத்துவைத்தவர்கள். நாங்கள் கடலுக்குப் போனால் பங்கு, மீன் இல்லையென்றால் ஒன்றுமில்லை, டீசல் கடன் வேறு. எட்டு மணி நேரம் என்று கடலுக்கு யார் சொல்வது? கூரைக்குக் கீழே, மின்விசிறிக்கு அடியில் நின்று 11,000 வாங்குவதற்கு இவ்வளவு வழக்கா?

தேரூர்க்காரி:
அண்ணன், உங்கள் மீன் கரையில் எல்லோர் முன்னாலும் ஏலம் போகிறது. என்ன விலைக்குப் போனது, படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். பங்கு குறைந்தால் ஏன் குறைந்தது என்று அங்கேயே சண்டை போடுவீர்கள். எங்கள் மணிக்கணக்கை எந்தக் கரையில் வைத்துப் பிரிக்கிறார்கள்? மின்விசிறி பில் போடும் இடத்தில் இருக்கிறது. நைட்டிப் பிரிவில் இல்லை.

குளச்சல் அலை:
ஏலக் கணக்கிலும் கை வைப்பவர்கள் உண்டு. ஆனாலும் நீங்கள் சொல்வது புரிகிறது.

மட்டிப்பழம்:
அக்கா, அப்படியானால் நீங்கள் கேட்பது மணிக்கூலி அல்ல. மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டே நேரத்தை எழுதச் சொல்கிறீர்கள். அதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

தேரூர்க்காரி:
எப்படி வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள் தம்பி. எங்கள் கடையில் விரல் வைக்கும் எந்திரம் இருந்தது. காலையில் கட்டாயம் வைக்க வேண்டும், பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போய்விடும். இரவில் விரல் வைக்கப் போனால் 'வேண்டாம், அணைத்துவிட்டோம்' என்பார்கள். நான் வந்ததற்கு அத்தாட்சி உண்டு, போனதற்கு இல்லை. வியாபாரி அண்ணாச்சி, உங்கள் கடையில் இரவிலும் விரல் வைக்கிறார்களா?

கோட்டாறு வியாபாரி:
இரவில் வைக்கச் சொன்னால் 8.30 அடித்ததும் எல்லோரும் எந்திரத்துக்கு முன்னால் நிற்பார்கள். துணியை யார் மடிப்பது?

பேரேடு:
மடிப்பவர் மடித்த பிறகு வைப்பார். அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, வேலை நியமனக் கடிதம் கொடுப்பதும் கட்டாயம். உங்கள் கடையில் எத்தனை பேரிடம் கடிதம் இருக்கிறது?

கோட்டாறு வியாபாரி:
முகத்தைப் பார்த்துச் சேர்த்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியட்டும், எந்திரத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

களியக்காவிளை:
எந்த வருடத்துக் கிறிஸ்துமஸ்?

தேரூர்க்காரி:
இதைப் படிப்பவர்களில் கடையில் நிற்பவர்கள் இருந்தால், கடைப் பெயர் வேண்டாம், நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் சம்பளமும் மட்டும் எழுதுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. வெறுங்கையோடு போய் நிற்பதைவிட ஒரு பட்டியலோடு போகலாம்.

மார்த்தாண்டம் மேம்பாலம்:
மார்த்தாண்டம், செருப்பும் பையும் விற்கும் தள்ளுபடிக் கடை. காலை 9 முதல் இரவு 9 வரை. 10,000 ரூபாய். ஞாயிறு அரை நாள், அதுவும் சீசனில் கிடையாது. ஒரு ஜோடி செருப்பு காணாமல் போனால் அந்தப் பிரிவில் நின்றவர்களிடம் பிரித்துப் பிடிக்கிறார்கள். இரவில் விரல் வைப்பதில்லை. ஊர்ப் பெயர் எழுதியதே அதிகம், நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.