செய்தி இணைப்புக்குப் பணம் கேட்பது முறையா? கனடா காட்டுவது என்ன?

எழில்வேந்தன்:
செய்தி நிறுவனங்கள் செலவழித்துத் திரட்டும் செய்திகளால் பயன்பெறும் பெரிய இணைய நிறுவனங்கள் அவற்றுக்கு உரிய பங்கைத் தர வேண்டும் என்று 2023 ஜூனில் கனடா சட்டம் இயற்றியது. முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா பணம் தர மறுத்து, ஆகஸ்ட் 1 முதல் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்நாட்டவருக்குச் செய்திகளையே முடக்கத் தொடங்கியது. அதே மாதம் யெல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கி, ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற நேர்ந்தபோதும் அந்த முடக்கம் நீங்கவில்லை. மக்கள் உள்ளூர்ச் செய்திகளைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் பகிர வேண்டியிருந்தது. இதற்குப் பிறகும் அச்சட்டம் தவறு என்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

தாமரைச்செல்வி:
தீ நெருங்கிய வேளையிலும் முடக்கத்தை நீக்காதது கொடுமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செய்திக்கான இணைப்பை (லிங்க்) காட்டும் தளம் வாசகரைப் பத்திரிகையிடம் அனுப்புகிறது. அதற்கு அத்தளமே பணம் தர வேண்டும் என்பது எவ்வகை நியாயம்? பத்திரிகைகளைத் தளர்த்தியதில் பெரும்பங்கு வேலை, வீடு, விற்பனை பற்றிய சிறு விளம்பரங்கள் இணையத்துக்குப் போனதற்கு உண்டு. இப்பூசலும் புதிதன்று. 1933 டிசம்பரில் நியூயார்க்கின் பில்ட்மோர் விடுதியில் அமெரிக்கப் பத்திரிகைகள் வானொலி நிறுவனங்களைப் பணியவைத்தன: நாளுக்கு இரண்டே செய்தியறிக்கைகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், அதுவும் காலையில் 9.30க்குப் பிறகும் இரவில் 9 மணிக்குப் பிறகும்தான். உடன்பாட்டில் சேராத நிலையங்கள் தம் வழியே போயின. 1935இல் பத்திரிகைகளுக்குச் செய்தி வழங்கும் முகமைகளே வானொலிக்கும் செய்தி விற்கத் தொடங்கின. அந்தக் கட்டுப்பாடு நிலைக்கவில்லை.

எழில்வேந்தன்:
அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. வானொலி தனக்கென நிருபர்களை அமர்த்தி, காலப்போக்கில் தானே செய்தி திரட்டும் ஊடகமாக வளர்ந்தது. முகநூலுக்காக நகரமன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நிருபர் எவரும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்டால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். மேலும், கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர 2023 நவம்பரில் இசைந்ததே, மெட்டா பணம் தர முடியாது என்பது வெறும் பிடிவாதம் என்பதற்குச் சான்று.

தாமரைச்செல்வி:
நிருபரின் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி என்றால் நாம் நெருங்கிவிட்டோம். ஆஸ்திரேலியா 2021இல் இதே வழியில் சட்டம் இயற்றியது. மெட்டா சில நாள் செய்திகளை முடக்கிப் பார்த்து, திருத்தங்களுக்குப் பின் பத்திரிகைகளோடு ஒப்பந்தம் செய்தது. 2024 மார்ச்சில் அவற்றைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் மனம் மாறினால் நின்றுபோகும் பணத்தை நம்பி எந்த ஆசிரியர் நிருபரை அமர்த்துவார்? இணைப்பைத் தொடாமல், அந்நிறுவனங்களின் விளம்பர வருவாய்க்கு வரி விதித்து அத்தொகையை உள்ளூர் ஊடகங்களுக்குப் பகிர்ந்தால், செய்தியை முடக்கி வரியிலிருந்து தப்ப முடியாது.

எழில்வேந்தன்:
வரி என்ற யோசனையை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் அரசின் கை வழியே வருமானால், அரசைத் தட்டிக்கேட்கும் பத்திரிகைக்கு அடுத்த ஆண்டு பங்கு குறையாது என்பதற்கு எந்த ஏற்பாட்டை முன்வைக்கிறீர்கள்?