கொமடோர் 64: படம் வருகிறது, சத்தம் இல்லை. விற்றவர் ஏமாற்றினாரா?

கேட்டவர்:
வணக்கம். டோர்ட்முண்டில் இருக்கிறேன். பள்ளிக் காலத்தில் ஜேர்மன் கூட்டாளி வீட்டில் பார்த்து ஏங்கிய கொமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியை இப்போதுதான் ஒரு தனியாரிடம் 140 யூரோவுக்கு வாங்கினேன். பழைய வடிவம், இங்கே 'புரோட்காஸ்டன்', பாண் பெட்டி என்பார்கள். விளம்பரத்தில் 'டாக்போடன்ஃபுண்ட்', அதாவது பரணில் கிடைத்தது என்று இருந்தது. 'போட்டால் படம் வருகிறது, திருப்பி எடுக்கமாட்டேன்' என்றும் எழுதியிருந்தார்.

படம் உண்மையாகவே வருகிறது. நீலத் திரை, 38911 பைட் மிச்சம் என்ற வரி, எல்லாம் சரி. எந்த விளையாட்டைப் போட்டாலும் சத்தம் மட்டும் இல்லை. டிவியையும் கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். என்ன பிழை?

பதில் 1:
முதலில் பவர் சப்ளையைக் கழற்றி வையுங்கள். அந்தக் கறுப்புச் செங்கல்தான் பழசென்றால் அளக்காமல் திரும்பச் செருகவேண்டாம். உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் ஏறி, நினைவகச் சிப்புகள் போய்விடும். ஏழு பின் பிளக்கில் 5-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5.2 வோல்ட்டைத் தாண்டினால் குப்பைக்கு. இன்றைக்குச் சரியாகக் காட்டினாலும் நான் நம்பமாட்டேன், புதுசு ஒன்று வாங்குவேன்.

பதில் 2:
அண்ணா சொன்னது சரி, ஆனால் சத்தத்துக்குக் காரணம் அது இல்லை. பழைய சர்க்கிட் பலகையில் 9 வோல்ட் ஏசி இல்லாவிட்டால் படமே வராது. உங்களுக்குப் படம் வருகிறது, ஆகவே அந்தப் பக்கம் பிழையில்லை. நல்ல பவர் கிடைத்ததும் போக் (POKE) 54296,15 என்ற கட்டளையை அடித்து, அப்புறம் 15-க்குப் பதில் 0 போட்டு அடியுங்கள். 'டிக்' என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அடியில் முன்பக்கம் உள்ள மூன்று திருகாணிகளைக் கழற்றி, யு18 என்று அச்சடித்த இடத்தைப் பாருங்கள். சத்தம் உண்டாக்கும் சிட் சிப் இருக்கிற இடம் அது.

கேட்டவர்:
5.05 வோல்ட் காட்டியது. டிக் கேட்கவில்லை. திறந்தேன். யு18-இல் சொக்கெட் இருக்கிறது, சிப் இல்லை! சுற்றிவர பலகை முழுக்கத் தூசி, அந்தச் சொக்கெட்டுக்குள் மட்டும் துடைத்து வைத்த மாதிரி. முப்பது வருடம் பரணில் கிடந்ததாம்.

பதில் 3:
நான் இவற்றை வாங்கி விற்கிறவன், வெட்கத்தோடு சொல்கிறேன்: இது எங்கள் சந்தையில் தெரிந்த வேலைதான். சிட் இப்போது எங்கும் செய்யப்படுவதில்லை. இசைக்காரர்களுக்கு அது வேண்டும். சுவீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் தன் சிட்ஸ்டேஷன் என்ற இசைக்கருவியை 6581 என்ற பழைய சிட் சிப்பை வைத்துத்தான் செய்தது. அதனால் சிப்பைத் தனியாக ஒருமுறை, பெட்டியை இன்னொருமுறை விற்கிறார்கள். சிப் இல்லாமலும் நீலத் திரை வரும், விளம்பரத்துக்கு அது போதும்.

அவர் எழுதியதில் பொய்யே இல்லை, கவனித்தீர்களா? சத்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் தெரிந்தே மறைத்திருந்தால் 'திருப்பி எடுக்கமாட்டேன்' என்ற வரி ஜேர்மன் சிவில் சட்டத்தின் 444வது பிரிவு முன்னால் நிற்காது. தெரிந்திருந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். சொக்கெட்டைப் படமெடுத்து, கோபமில்லாமல் ஒரு கடிதம் போடுங்கள். பாதி விலையாவது வரும்.

பதில் 2:
சிப் வாங்கப் போனால் கவனம். வேறு சிப்பின் தலையைச் சுரண்டி 6581 என்று அச்சடித்து விற்கிறார்கள். எழுத்து புதுசாகப் பளிச்சென்று இருந்தால் விலகுங்கள். பிந்திய வகை சிட்டான 8580 மலிவாகக் கிடைத்தாலும் அப்படியே செருகவேண்டாம். அதற்கு 9 வோல்ட், உங்கள் பலகை 12 கொடுக்கும். சொக்கெட்டின் 28வது காலில் அளந்தால் தெரியும். என்னைக் கேட்டால் சிட்டுக்குப் பதிலாகச் செருகும் புது மாற்றான ஆர்ம்சிட் போதும். இரண்டு சிப்பையும் போல நடிக்கும், காதுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

கேட்டவர்:
கடிதம் போட்டேன். 'எனக்கு ஒன்றும் தெரியாது, மாமாவுடைய பெட்டி' என்று முதல் பதில். படம் அனுப்பியதும் இரண்டு நாள் மௌனம், அப்புறம் 60 யூரோ வந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆர்ம்சிட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். பதில் 3 அண்ணாவிடம் ஒரு கேள்வி: உங்களிடம் அளந்து பார்த்த டேப் டிரைவ் ஏதும் இருக்கிறதா?

பதில் 3:
இருக்கிறது. பெல்ட் மாற்றவேண்டும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.