எஃப்.இ. காலேஜில் டிகிரி: 'துணை நிற்கும்' அமைப்புகள் யாருக்குத் துணை?

மழைக்கால_வாத்தியார்:
வட இங்கிலாந்தில் ஒரு ஃபர்தர் எஜுகேஷன் (எஃப்.இ.) காலேஜில் பதினோரு வருடமாக இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம், ஏனென்றால் என் சித்தப்பாவுக்கே இது இன்னும் புரியவில்லை. நம் ஊரில் காலேஜ் என்றால் பி.எஸ்சி., பி.இ. படிக்கிற இடம். இங்கே எஃப்.இ. காலேஜ் என்றால் பதினாறு வயதில் பள்ளியை விட்டவன் பிளம்பிங் படிப்பான், முப்பது வயது அம்மா கணக்கில் ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி) திரும்ப எழுதுவார், அகதியாக வந்தவர் ஆங்கிலம் படிப்பார். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், டுட்டோரியல் மூன்றையும் ஒரே கட்டடத்தில் போட்ட மாதிரி. அதே கட்டடத்தில் ஹெச்.என்.சி., ஹெச்.என்.டி. (தொழில் சார்ந்த உயர்கல்விச் சான்றிதழ், டிப்ளமோ), ஃபவுண்டேஷன் டிகிரி (இரண்டு வருடக் குறும்பட்டம்) என்று உயர்கல்வியும் நடக்கும். எங்கள் காலேஜில் அது இரண்டாவது மாடி. நான் அந்த இரண்டாவது மாடிக்காரன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இப்படி ஒரு கோர்ஸ் நடத்த துணை என்ற பெயரில் எத்தனை அமைப்புகள் சுற்றி நிற்கின்றன என்று போன வாரம் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ், சான்றிதழ் கொடுக்கும் பார்ட்னர் பல்கலைக்கழகம், ஹெச்.என்.டி. என்றால் அதை வழங்கும் பியர்சன், தரத்துக்கு கியூ.ஏ.ஏ., ஆசிரியர் பயிற்சிக்கு அட்வான்ஸ் ஹெச்.இ., காலேஜ்களின் சங்கமான அசோசியேஷன் ஆஃப் காலேஜஸ், அதற்கும் மேலே உயர்கல்வி அதிகம் நடத்தும் காலேஜ்களுக்கென்று மிக்ஸ்டு எகானமி குரூப். கீழ் மாடியைச் சோதிக்க ஆஃப்ஸ்டெட் தனி. என் வகுப்பில் இருப்பது இருபத்திரண்டு பேர்.

வாரத்துக்கு 24 மணி நேரம் வகுப்பில் நிற்கிறேன். பல்கலைக்கழகத்தில் என் வேலையைச் செய்பவர் இதில் பாதிகூட நிற்பதில்லை. எனக்கு வேண்டியது வாரத்துக்கு நான்கு மணி நேரம், பாடத்தைப் புதுப்பிக்க, தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருகிறார்கள்: வெபினார், டூல்கிட், மாநாடு. இந்த அமைப்புகளில் பாதியை மூடிவிட்டு அந்தப் பணத்தை நேரமாகக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

படிவக்காரி:
நான் எதிர்ப்பக்கம். ஒரு கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், பார்ட்னர் காலேஜ்களைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை. உங்களுக்குப் படிவம் அனுப்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, பெயரைப் பார்த்தாலே தெரியும்.

வாத்தியார், உங்கள் பட்டியலே பிழை. போலீஸ்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், சங்கத் தலைவர் மூவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு 'ஏன் இவ்வளவு கூட்டம்' என்கிறீர்கள். ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ் ஆதரவு அமைப்பே இல்லை, அது 2018 இல் வந்த ஒழுங்குமுறை அமைப்பு. காலேஜ் தன் பெயரில் நடத்தும் கோர்ஸுக்குப் பிள்ளைகளுக்கு மாணவர் கடன் கிடைக்க வேண்டுமென்றால் அங்கே பதிவு வேண்டும், அவ்வளவுதான். கியூ.ஏ.ஏ. 2023 மார்ச்சோடு இங்கிலாந்தில் அந்த அதிகாரபூர்வத் தர வேலையை விட்டுவிட்டது, இப்போது உறுப்பினர் ஆவது காலேஜின் விருப்பம். அசோசியேஷனும் மிக்ஸ்டு எகானமி குரூப்பும் காலேஜ்கள் தாங்களே வைத்துக்கொண்டவை. சந்தா கட்டுவது உங்கள் பிரின்சிபால். அதை மூடச் சொல்வதென்றால் அவரிடம் சொல்லுங்கள், எங்களிடம் அல்ல.

மழைக்கால_வாத்தியார்:
சரி அக்கா, பஸ் உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறையில் நிற்பவனுக்கு மூன்று பேரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். ஒரே மாட்யூலின் (பாடப் பகுதியின்) தேர்ச்சி விவரத்தை மூன்று வடிவத்தில் எழுதுகிறேன். பார்ட்னருக்கு அவர்கள் வருடம் செப்டம்பரில் முடிகிறது, எங்கள் காலேஜுக்கு ஜூலையில். ஒரே எண்ணிக்கை இரண்டு தாளில் இரண்டு மாதிரி வரும், பிறகு ஏன் பொருந்தவில்லை என்று மூன்றாவது தாள் கேட்பார்கள்.

உண்மையில் உதவிய ஒன்று இருந்தது, அதைச் சொல்கிறேன். ஃபவுண்டேஷன் டிகிரி ஃபார்வர்டு. ஃபவுண்டேஷன் டிகிரியை 2000 இல் பிளங்கெட் கல்வி அமைச்சராக இருந்தபோது அறிவித்தார்கள், அடுத்த வருடம் வகுப்புகள் தொடங்கின. 240 கிரெடிட், முழுநேரம் என்றால் இரண்டு வருடம், வேலையோடு ஒட்டிய படிப்பு. கம்பெனிக்காரரைக் காலேஜோடு உட்காரவைத்துப் பாடத்திட்டம் போட ஆள் வேண்டும் இல்லையா, அதற்காக 2003 இல் வந்த அமைப்பு அது. 2011 இல் மூடினார்கள். நான் சேர்ந்தது அதற்குப் பிறகு, ஆனால் எங்கள் துறையில் மூத்தவர் ஒருவர் இன்னும் அவர்கள் காலத்துக் கோப்பைத்தான் எடுத்துப் புரட்டுகிறார். மூட வேண்டியதை விட்டுவிட்டு இதை மூடினார்கள்.

கிளைட்_கரை:
கிளாஸ்கோவிலிருந்து. நீங்கள் இருவரும் பேசுவது இங்கிலாந்துக் கதை. இங்கே ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ் கிடையாது. நான் காலேஜில் ஹெச்.என்.டி. முடித்துவிட்டு நேராகப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய் உட்கார்ந்தேன். நான்கு வருட டிகிரியில் முதல் இரண்டை எனக்குக் கழித்தார்கள். நான் படித்த காலத்தில் எஸ்.கியூ.ஏ. என்ற ஒரே தேசிய அமைப்பின் ஹெச்.என்.டி. அது, காலேஜுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது, என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டுக் கணக்கு மட்டும் பேயாக அறைந்தது, அது வேறு விஷயம்.

இன்னும் வடக்கே போனால் ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகம். பல காலேஜ்கள் கூட்டுச் சேர்ந்து 2011 இல் பல்கலைக்கழகப் பெயர் வாங்கின. ஷெட்லாண்டில் இருப்பவனும் பெர்த்தில் இருப்பவனும் வீடியோவில் ஒரே வகுப்பில். கெய்லிக் மொழியிலேயே படிப்பு நடத்தும் காலேஜும் அதில் உண்டு. வெளியாள் ஆதரவுக்குக் காத்திருக்காமல் தாங்களே பல்கலைக்கழகம் ஆகிவிட்டார்கள். வாத்தியார் சொல்வதற்கு அதுவல்லவா விடை?

படிவக்காரி:
இங்கிலாந்திலும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. 2007 சட்டத்தில் ஃபவுண்டேஷன் டிகிரியைத் தாங்களே வழங்கும் அதிகாரத்துக்கு எஃப்.இ. காலேஜ்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 2011 இல் நியூ காலேஜ் டர்ஹமும் நியூகாசில் காலேஜும் வாங்கின. நியூகாசில் 2016 இல் முழு டிகிரி அதிகாரமும் வாங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன்? அந்த அதிகாரத்தோடு தேர்வுக் குழு, மேல்முறையீடு, வெளித் தேர்வாளர், பதிவாளர் எல்லாம் வரும். இருபத்திரண்டு பேருக்கு அதை யார் தூக்கிச் சுமப்பது? நாங்கள் சுமக்கிறோம். அதற்குத்தான் அந்தப் பணம்.

அக்கா என்று கூப்பிட்டு வயதைக் கூட்டாதீர்கள்.

சும்மா_இரு:
எனக்கு அடிப்படையே புரியவில்லை. டிகிரி பல்கலைக்கழக வேலை, காலேஜ் எதற்கு அதில் தலையிட வேண்டும்? நம் ஊரில் தெருவுக்குத் தெரு இன்ஜினியரிங் காலேஜ் திறந்து என்ன ஆனது என்று பார்த்தோமே.

மழைக்கால_வாத்தியார்:
@சும்மா_இரு என் வகுப்பில் பாதிப் பேர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றரை மணி நேரப் பயணம். அவர்களுக்குக் காலேஜ் இல்லை என்றால் டிகிரியே இல்லை. கட்டணமும் அப்படித்தான்: இங்கிலாந்தில் உச்சவரம்பு 2025-26 இல் வருடம் 9,535 பவுண்டு, பல காலேஜ்கள் அதைவிடக் குறைத்தே வாங்குகின்றன.

நம் ஊர்க் கதையைக் கொண்டுவந்ததால் சொல்கிறேன், இந்த வேலிடேஷன் முறை, அதாவது காலேஜ் நடத்தும் கோர்ஸுக்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் கொடுத்துப் பட்டம் தரும் முறை, நம் அஃபிலியேஷனின் ஒன்றுவிட்ட தம்பிதான். 1857 இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தையே லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத்தான் அமைத்தார்கள், காலேஜ் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். அங்கே 1978 இலேயே லயோலா, கிறித்தவக் கல்லூரி மாதிரி சிலருக்குத் தன்னாட்சி கொடுத்துவிட்டார்கள். இங்கே நாங்கள் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

படிவக்காரி:
தம்பியும் இல்லை, ஒன்றுவிட்டதும் இல்லை. உங்கள் அஃபிலியேஷனில் நூற்றுக்கணக்கான காலேஜுக்கு ஒரே கேள்வித்தாள் வரும், வாத்தியாருக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே பாடத்திட்டம் எழுதுவது நீங்கள், அசைன்மென்ட் போடுவது நீங்கள், திருத்துவதும் நீங்களே. நாங்கள் பார்ப்பது அது தரத்துக்கு வந்ததா என்று மட்டும். (ஃப்ராஞ்சைஸ் என்றால் பாடமும் எங்களுடையது, அது வேறு.)

ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன், ஒரு காலேஜில் ஒரு மாட்யூலுக்குப் பதினான்கு பேர் தாள். வெளித் தேர்வாளர் ஐந்தை எடுத்துப் பார்த்தார். ஐந்திலும் ஒரே பின்னூட்டம், எழுத்துப் பிழை உட்பட அப்படியே. மதிப்பெண் எல்லாம் அறுபதுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில். பதினான்கையும் திரும்பத் திருத்த வைத்தோம். இரண்டு பிள்ளைகள் எழுபதுக்கு மேல் போனார்கள். அந்த வாத்தியாரும் உங்களைப் போலத்தான், நேரம் இல்லாதவர். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, ஆனால் படிவம் இல்லாவிட்டால் அந்த இரண்டு பிள்ளைகள் கதி என்ன?

யாரும் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தேசியத் தணிக்கை அலுவலகமே 2024 ஜனவரியில் எழுதியிருக்கிறது. ஃப்ராஞ்சைஸ் முறையில் படிப்பவர்கள் 2018-19 இல் 50,440, 2021-22 இல் 108,600. அதோடு மாணவர் கடன் மோசடியும்.

மழைக்கால_வாத்தியார்:
அந்த அறிக்கையை எங்கள் தலையில் கட்டாதீர்கள். அதில் பிரச்சினை என்று பேசப்பட்டது பெரும்பாலும் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸில் பதிவே செய்யாத தனியார் இடங்கள், பிசினஸ் மேனேஜ்மென்ட் கடை. அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கட்டணத்தில் பங்கு வாங்கியது யார்? பல்கலைக்கழகங்கள். நீங்கள் திறந்துவிட்ட கடைக்கு எங்களைக் குற்றம் சொல்கிறீர்கள்.

என் பங்குக்கு ஒரு காட்சி. எங்கள் கோர்ஸுக்கு வேலிடேஷன் நாள். பேனல் என்று ஐந்து பேர் வந்தார்கள், போர்டு ரூமில் முட்டை சாண்ட்விச். மாணவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு மஞ்சள் பளபள ஜாக்கெட்டோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். 'இங்கே ஆராய்ச்சிக் கலாசாரம் எப்படி?' என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, 'என் லேத் ஒரு வேகத்துக்கு மேல் போனால் ஏன் அதிருது என்று சாரிடம் கேட்டேன், இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை சென்சார் வைத்து அளந்தோம், பெட் போல்ட் தளர்ந்திருந்தது' என்றான். ஒருவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். ரிப்போர்ட் வந்தது. நிபந்தனை ஒன்று: 'ஆசிரியர்களின் ஆய்வுச் செயல்பாட்டுக்குத் திட்டம் இல்லை.' அந்தச் சனிக்கிழமை என் கணக்கில் என்னவாம்?

படிவக்காரி:
அது ஆய்வுதான். அந்த ரிப்போர்ட் தவறு, நான் இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன். ஆனால் பாருங்கள், இதே சண்டைக்குத்தான் அசோசியேஷன் ஆஃப் காலேஜஸ் 2015 இல் அரசு நிதிக் குழுவின் பணத்தில் மூன்று வருடத் திட்டம் ஒன்று நடத்தியது. காலேஜ் வாத்தியார் கட்டுரை வெளியிட வேண்டியதில்லை, தொழிற்சாலையோடு சேர்ந்து ஒரு சிக்கலை அவிழ்ப்பதும் புலமைதான் என்று எழுத்தில் நிறுவப் பார்த்தது. நீங்கள் மூடச் சொல்லும் அமைப்பு. அந்த நாளில் அந்தத் தாளை எடுத்துப் பேனல் முன்னால் வைத்திருந்தால் நிபந்தனை வந்திருக்காது.

மழைக்கால_வாத்தியார்:
அந்தத் தாள் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும். பதினோரு வருடம் கழித்து, உங்களிடமிருந்து. இதைத்தானே நானும் சொல்கிறேன்! உதவி எல்லாம் பிரின்சிபால் அறையோடு நின்றுவிடுகிறது.

கிளைட்_கரை:
இந்த ஒரு பாயிண்ட் வாத்தியாருக்கு.

படிவக்காரி:
கொடுத்துவிடுங்கள். 2012 பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன், அவர் தோண்டி எடுப்பதற்குள். அந்த வருடம் கட்டணம் 7,500 பவுண்டோ அதற்குக் குறைவோ என்றால் போட்டியிட்டு இடம் வாங்கலாம் என்று 20,000 மாணவர் இடங்களைத் தனியே எடுத்து வைத்தார்கள், ஏறத்தாழ பாதி காலேஜ்களுக்குப் போனது. அதே சமயத்தில் சில கம்பஸ்கள் காலேஜ்களுக்குக் கொடுத்திருந்த தங்கள் இடங்களைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டன. அது அநியாயம். காலேஜ்களுக்காக அன்று கத்தியது மிக்ஸ்டு எகானமி குரூப் மாதிரி ஆட்கள்தான், வாத்தியார்.

ஹாரோ_அம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கோ. நீங்கள் பேசுவதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மகனுக்கு ஏ லெவல் சோதனை சரிவரவில்லை, இங்கே கிட்ட ஒரு காலேஜில் கம்பியூட்டிங் ஃபவுண்டேஷன் டிகிரி இருக்கு. நாளைக்கு ஓபன் டே. சான்றிதழில் யாருடைய பெயர் வரும்? யாழ்ப்பாணத்தில் மாமி ஆட்கள் கேட்டால் கம்பஸ் என்று சொல்லலாமோ?

மழைக்கால_வாத்தியார்:
தாராளமாகச் சொல்லலாம் அம்மா. பட்டம் பெரும்பாலும் பார்ட்னர் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். நாளைக்கு மூன்று கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம்? இரண்டு வருடம் முடித்ததும் அதை ஹானர்ஸ், அதாவது முழு டிகிரி ஆக்க மூன்றாவது வருடம் எங்கே, இடம் உறுதியா, எழுத்தில் தருவீர்களா? பாடம் நடத்துபவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கிறார்? கடைசிக் கேள்விக்கு முகத்தைப் பாருங்கள்.

படிவக்காரி:
நாலாவது கேள்வி, அக்கா: படிப்பின் நடுவில் பார்ட்னர் விலகினால் பிள்ளையை யார் முடித்துக் கொடுப்பார்கள்? ஒழுங்கான காலேஜ் என்றால் அதற்கு எழுதிய திட்டம் இருக்கும்.

ஹாரோ_அம்மா:
போய் வந்தோம். நல்ல மனிசர்கள், லாப் எல்லாம் புதுசு, மகனுக்குப் பிடித்துவிட்டது. தம்பி சொன்னதை எல்லாம் கேட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்றதும் அந்தப் பெண் பிள்ளை உள்ளே போய் ஒரு தாள் கொண்டு வந்தார். அதில் கோர்ஸ் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வேலிடேஷனுக்கு உட்பட்டது' என்று இருக்கு. அப்படியென்றால் என்ன?

மழைக்கால_வாத்தியார்:
படிவம் இன்னும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

படிவக்காரி:
இன்னும் அனுப்பவில்லை என்றும் இருக்கலாம். ஒப்புதல் வராத கோர்ஸுக்கு மகன் இப்போதே உறுதி சொல்ல வேண்டாம் அக்கா. எந்த மாதம் பேனல் கூடுகிறது என்று கேட்டு மெயில் போடுங்கள், பதில் எழுத்தில் வரட்டும்.