தோல் சப்பாத்துக்கு அடி மாற்றுவது: தோலா, ரப்பரா?

கேள்வி (ஹட்டன்):
குட்இயர் வெல்ட் தையல் (மேல்தோலைச் சுற்றித் தைச்ச வெல்ட் என்கிற பட்டியோடு அடியைத் தைக்கிற முறை) போட்ட கறுப்பு ஒக்ஸ்போர்ட் சப்பாத்து. தோல் அடி நடுவில் அமத்தினால் உள்ளே போகுது. இங்கத்தை மழைக்கு ரப்பர் அடி சரிவருமா? தைக்கிறவரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேணும்?

பதில் 1:
அமத்தினால் உள்ளே போனால் இனிப் போட வேண்டாம், கொடுத்துவிடுங்க. ஓட்டை விழுந்தால் உள்ளே நிரப்பின தக்கை நனைஞ்சு நொறுங்கும். பழைய அடியைப் பிடிச்சு இழுக்க விடாதீங்க, வெல்ட் பட்டி கிழியும். தையலை வெட்டித்தான் கழற்ற வேணும். பிறகு புதுத் தக்கை நிரப்பி, அடியை ஒட்டி, வெல்டோடு சேர்த்துத் தைக்கணும். கம் மட்டும் பூசித் தந்தால் வாங்காதீங்க. கால் வடிவக் கட்டையை உள்ளே போட்டு வேலை செய்தால் வடிவம் கெடாது.

பதில் 2:
ஹட்டன், நுவரெலியா பக்கம் ரப்பர்தான். நனைஞ்ச தோல் அடி வழுக்கும், கெதியா தேயும். ஆனால் முன்பாதிக்கு மட்டும் 4 மி.மீ. ரப்பர் ஒட்டினால் குதியும் அந்தளவு உயரணும். இல்லாட்டி விரல் பக்கம் தூக்கி நிற்கும். ஈரத்தோடு கொண்டுபோக வேண்டாம், கம் பிடிக்காது. பத்திரிகைத் தாள் திணிச்சு நிழலில் காயவிடுங்க. அடுப்படியில் வைத்தால் தோல் வெடிக்கும்.

கேட்டவர்:
வெல்ட் இல்லாத, ஒட்டின சப்பாத்துக்கு?

பதில் 1:
அதுக்கு வெல்ட் தையல் போட இடமில்லை. சுரண்டித் திரும்ப ஒட்டலாம், மேல்தோல் நல்லா இருந்தால் மட்டும்.