புதுப்பிப்பு: மட்டக்களப்பு, கல்லடியில் நம் ஒழுங்கைக்குள் வரவிருக்கும் தொடர்மாடி

24 வீட்டுத் தொடர்மாடிக்கு எதிரான கூட்டு மனுவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "எங்கட நிம்மதி கெடும்" என்று மட்டும் எழுதிய மனு நிற்காது. கணக்கோடு எழுதுங்கள்.

முதன்மையானது கழிவுநீர். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்றால் நாளுக்கு 11,520 லீற்றர். நமது மணல் நிலத்தில் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். ஊறுகுழி (கழிவுநீரை நிலத்துக்குள் ஊறவிடும் குழி) நிரம்பி, வடிகட்டப்படாத கழிவு பக்கத்துக் கிணறுகளுக்குள் போகும். ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் இடையிலான தூரத்தை நாடாவால் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். அத்திவாரக் குழியில் நீர் இறைத்தால் மணல் இறங்கிப் பக்கத்து மதில் வெடிக்கலாம். இப்போதே உங்கள் மதில்களைத் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

அனுமதி வரைபடத்தின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். ஒப்புகைச் சீட்டை விடாதீர்கள், மேன்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை மாடி என்று சண்டை பிடிப்பதை விட இந்த அனுமதியைக் கேட்பதே பலமானது.